ஒரே பிரெய்டு, மூன்று ரீல்கள்: கோவளத்தில் ஒரு வார இறுதி

நூலைச் சுற்றியிருக்கும் ஸ்பூல் அசையவில்லை. மீனின் ஓட்டத்துக்குத் தடை கொடுக்கும் டிராக்கின் 'கிர்ர்' சத்தமும் இல்லை. நூல் மட்டும் கடலுக்குள் போய்க்கொண்டே இருந்தது.

சென்னைக்குத் தெற்கே உள்ள கோவளத்தில், முகத்துவாரத்துக் கற்களின் மீது நின்றபடி டிராக் குமிழை முழுவதும் இறுக்கிவிட்டேன். கடித்திருந்தது நல்ல பாறை மீன். தலையை உதறி உதறி இழுக்கும் அந்த இழுப்பு பழகிய கைக்குத் தெரியும். இறுக்கியும் பயனில்லை. அரை நிமிடத்தில் நூல் கற்களின் மறுபக்கம் வளைந்து, சிப்பியில் உரசி அறுந்தது. கையில் இருந்தது 4000 அளவு ஸ்பின்னிங் ரீல். அதில் இருந்தது முந்தைய இரவுதான் சுற்றிய புத்தம்புதிய பிரெய்டு, அதாவது பின்னல் நூல்.

கடந்த பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை காலையில் இது நடந்தது. ஞாயிறு மதியத்துக்குள், அதே நூலைச் சுற்றியிருந்த இன்னும் இரண்டு ரீல்களும் கைவிட்டன. மூன்றும் மூன்று வகை ரீல்கள். மூன்றும் தோற்ற விதமும் வேறு வேறு. கரை ஏறியதும் நாங்கள் மூவரும் நூலைத்தான் திட்டினோம். பிறகு வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு ஸ்பூலாகப் பிரித்துப் பார்த்தபோது, நூலின் மீது சுமத்திய குற்றத்தில் பெரும்பகுதி நிற்கவில்லை. பிரெய்டு வாங்கப் போகும்போது நாம் கேட்பது "எத்தனை கிலோ தாங்கும்?" என்ற ஒரே கேள்வியைத்தான். "என் ரீல் இந்த நூலை எப்படிப் பிடித்துக்கொள்கிறது, எப்படி வெளியே விடுகிறது?" என்று யாரும் கேட்பதில்லை. நானும் கேட்கவில்லை. அதனால்தான் நடந்ததை ஒன்று விடாமல் எழுதுகிறேன்.

நூலும் ரீல்களும்

நூலை வாங்கியது நான்தான். 1,000 மீட்டர் சுருள், நான்கு புரிப் பின்னல். அட்டையில் "30 பவுண்டு, 0.23 மி.மீ." என்று இருந்தது. ஜப்பானியத் தயாரிப்புகளில் நூலின் அளவைக் குறிக்க வழக்கமாகக் காணப்படும் பிஇ எண் அதில் இல்லை. மூன்று பேர் பகிர்ந்துகொண்டால் செலவு குறையும் என்பதே கணக்கு.

என் ஸ்பின்னிங் ரீலின் கொள்ளளவு 0.30 மி.மீ. நரம்பு 180 மீட்டர். என் தம்பியிடம் இருந்தது சிறிய பெய்ட்காஸ்டர், 0.30 மி.மீ. நரம்பு 110 மீட்டர் கொள்ளும். எங்கள் இருவருக்கும் மூத்தவரான, நாங்கள் அண்ணன் என்று அழைக்கும் நண்பர், லீவர் டிராக் வைத்த ஓவர்ஹெட் ரீல் ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருக்கிறார். அதில் 0.50 மி.மீ. நரம்பு 300 மீட்டர் சுற்றலாம். (நரம்பு என்று நான் சொல்வது ஒற்றை நைலான் இழையை, மீனவர்கள் தங்கூஸ் என்பார்கள்.)

வெள்ளிக்கிழமை இரவு சுற்றும்போதே ஒரு தடயம் கிடைத்தது. ஒரு ஸ்பூலில் கொள்ளும் நூலின் நீளம் அதன் விட்டத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். அட்டையில் சொன்ன 0.23 மி.மீ. உண்மையாக இருந்தால் என் ரீலில் 300 மீட்டர் வரை போக வேண்டும். 210 மீட்டரிலேயே விளிம்பைத் தொட்டுவிட்டது. தளர்வாகச் சுற்றியிருப்பேன் என்று நினைத்து அப்படியே விட்டுவிட்டேன். தம்பி 120 மீட்டரும் அண்ணன் 300 மீட்டரும் சுற்றிக்கொண்டார்கள். மூன்று பேருமே ஸ்பூலின் வெறும் உலோகத்தில் நேராகப் பிரெய்டைக் கட்டினோம். அடியில் எதுவும் சுற்றவில்லை.

சனிக்கிழமை காலை: ஸ்பின்னிங் ரீல்

பாறை மீன் போனதற்கு முன்பே இரண்டு முறை சிக்கு விழுந்திருந்தது. லூரை (செயற்கை இரை) வீசும்போது ஒரு சுற்றுக்குப் பதில் நான்கைந்து சுற்றுகள் ஒன்றாகக் கிளம்பி, கோலின் முதல் வளையத்தில் மோதி, நூற்கண்டை நாய்க்குட்டி குதறியது போல் ஆகிவிடும். 'விண்ட் நாட்' என்று தூண்டில்காரர்கள் சொல்வது இதைத்தான். இரண்டு முறையும் நூலை அறுத்துவிட்டு மீண்டும் கட்டினேன்.

மீன் போனபின் ஸ்பூலைக் கழற்றி இடது கையில் பிடித்து, நூல் பொதியை வலது கையால் பற்றித் திருகிப் பார்த்தேன். பொதி முழுவதும், மோதிரம் விரலில் சுழல்வது போல, ஸ்பூலின் மீது வழுக்கிச் சுழன்றது. டிராக் சத்தம் ஏன் வரவில்லை என்பது அந்த நொடியில் புரிந்தது. ஸ்பூல் சுழன்றால்தான் டிராக் வேலை செய்யும். இங்கே ஸ்பூல் அப்படியே நின்றது, அதன் மேலிருந்த நூல்தான் சுழன்றது. நான் குமிழை எவ்வளவு இறுக்கியிருந்தாலும் அந்த மீன் நிற்காது.

சனிக்கிழமை மாலை: பெய்ட்காஸ்டர்

முட்டுக்காட்டுக் காயலில் தம்பிக்குக் கொடுவாவும் செப்பிலியும்தான் குறி. கொடுவாவை இந்தியாவில் முதன்முதலில் செயற்கை முறையில் குஞ்சு பொரிக்க வைத்தது மத்திய உவர்நீர் மீன் வளர்ப்பு நிறுவனம், 1997-இல். அந்த நிறுவனத்தின் ஆய்வு நிலையம் இதே முட்டுக்காட்டில்தான் இருக்கிறது. ஆனால் காயலில் தன்னிச்சையாகத் திரியும் கொடுவா சிப்பி படிந்த கற்களையும் தூண்களையும் விட்டு விலகாது. லூரையும் அங்கேதான் போட வேண்டும்.

லூர் இரண்டு முறை சிப்பியில் மாட்டியது. இரண்டு முறையும் தம்பி ஸ்பூலைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நேராக இழுத்து விடுவித்தான். அடுத்த வீச்சில் லூர் பாதி தூரம்கூடப் போகவில்லை. ஸ்பூல் திடீரென்று நின்றது. சாட்டை சொடுக்கியது போல ஒரு சத்தம். லூர் மட்டும் தனியாகப் பறந்து காயலின் நடுவில் விழுந்தது. லீடரை (நூலின் நுனியில் இணைக்கும் தனி இழைத் துண்டு) கட்டியிருந்த முடிச்சில் நூல் அறுந்திருந்தது.

"அண்ணா, வீசும்போதே அறுந்துபோகிற நூலை வைத்துக்கொண்டு கொடுவாவை எப்படிப் பிடிப்பது?" என்றான். என்னிடம் பதில் இல்லை.

இரவில் குழல்விளக்கின் கீழே அந்த ஸ்பூலைப் பிரித்தேன். மேலே எல்லாம் ஒழுங்காக இருந்தது. ஆறு மீட்டர் பிரித்ததும் நூல் வர மறுத்தது. தையல் ஊசியால் மெல்ல நெம்பிப் பார்த்தபோது, ஒரு சுற்று கீழே இரண்டு அடுக்குகளைக் கிழித்துக்கொண்டு உள்ளே புதைந்திருந்தது. புதைந்த இடத்தில் நூல் உருளையாக இல்லை, நாடா போலத் தட்டையாகிவிட்டது. பச்சைச் சாயம் தேய்ந்து, பஞ்சு போல வெள்ளை இழைகள் சிலிர்த்து நின்றன. சிப்பியிலிருந்து இழுத்தபோது மேலிருந்த சுற்று கீழே கத்தி போல இறங்கிவிட்டது. அடுத்த வீச்சில் அந்த இடம் வந்ததும் ஸ்பூல் பூட்டிக்கொண்டது. ஓடிக்கொண்டிருந்த லூரின் வேகம் முழுவதையும் முடிச்சு ஒன்றே வாங்கிக்கொண்டது.

ஞாயிறு காலை: ஓவர்ஹெட் ரீல்

ஃபைபர் படகில் இருபது பாகம் ஆழம் வரை போய், லூரை இழுத்துக்கொண்டே வந்தோம். ஏழு மணிக்கு முன்பே அண்ணனுக்கு வஞ்சிரம் விழுந்தது. நீர்ப்பரப்பில் ஒரு முறை வெள்ளியாகப் புரண்டதை மூவரும் பார்த்தோம். அண்ணன் லீவரை எப்போதும் வைக்கும் இடத்தில்தான் வைத்திருந்தார். மீன் ஓடியது, பிறகு சட்டென்று திரும்பிப் படகை நோக்கி வந்தது. அவர் கைப்பிடியைச் சுற்றுகிற வேகத்துக்கு நூல் ஏறவில்லை. தொய்வை எடுத்து முடித்த அடுத்த இழுப்பில் கோல் நிமிர்ந்தது. லூர் திரும்பி வந்தபோது மும்முள்ளில் ஒரு முள் விரிந்து நேராகிக் கிடந்தது.

படகுக்கார அண்ணாச்சி அதைக் கையில் வாங்கிப் பார்த்தார். "நரம்பாக இருந்தால் மீனோடு கொஞ்சம் நீண்டு கொடுக்கும் தம்பி. இது கம்பி மாதிரி நிற்கிறது. மீன் இழுக்கிறது அத்தனையும் முள்ளுக்குத்தான் போகும்" என்றார். நாங்கள் பிறகு செய்த கணக்குகளின் பாதி அந்த ஒரு பேச்சில் அடங்கியிருந்தது. மறுபாதி ஸ்பூலின் வயிற்றில் இருந்தது.

நூலைத் தராசில் வைத்தோம்

திங்கட்கிழமை முதல் வேலையாக, சுருளில் மிச்சமிருந்த நூலிலிருந்து 90 மீட்டர் அளந்து வெட்டி, நகைத் தராசில் வைத்தேன். இந்த 90 மீட்டருக்குக் காரணம் உண்டு. பிஇ எண் என்பது நூலின் எடையைக் கொண்டு வகுத்த அளவு. 9,000 மீட்டர் நூல் 200 கிராம் இருந்தால் அது பிஇ 1. அப்படியானால் 90 மீட்டர் 2 கிராம் இருந்தால் பிஇ 1, 4 கிராம் இருந்தால் பிஇ 2. வீட்டில் யாரும் செய்து பார்க்கலாம். நூல் நன்கு காய்ந்திருக்க வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. புரிகளுக்கு இடையில் நீர் தங்கினால் எடை கூடிவிடும்.

தராசு 5.6 கிராம் காட்டியது. மேல்பூச்சின் எடையைக் கொஞ்சம் தள்ளுபடி செய்தாலும், இது பிஇ 2.8-க்கு அருகில் வருகிறது. பிஇ 1-இன் விட்டம் சுமார் 0.165 மி.மீ.; எண் இரட்டித்தால் விட்டம் ஏறக்குறைய 1.4 மடங்காகும். அந்தக் கணக்கில் எங்கள் நூல் 0.28 மி.மீ. தடிமன். அட்டையில் 0.23 என்று போட்டிருந்தது பிஇ 2-இன் தடிமன். வெள்ளிக்கிழமை இரவு 210 மீட்டரிலேயே ஸ்பூல் நிறைந்ததற்கு விடை கிடைத்துவிட்டது.

அடுத்து வலிமை. நூலை முடிச்சுப் போட்டு இழுத்தால் முடிச்சின் வலிமைதான் தெரியும். அதனால் வழுவழுப்பான குழாயில் எட்டுச் சுற்றுச் சுற்றி, மறுமுனையை இன்னொரு குழாயில் அதே போலச் சுற்றி, அந்தக் குழாயைத் தொங்கு தராசில் மாட்டி இழுத்தோம். மூன்று முறையும் 14 கிலோவுக்கு மேல் தாங்கியது. 30 பவுண்டு என்பது 13.6 கிலோ. ஆக, வலிமை விஷயத்தில் அட்டை பொய் சொல்லவில்லை. தடிமனைத்தான் குறைத்துச் சொல்லியிருந்தது. இந்தத் தொழிலில் இது அரிதான தவறில்லை. மெல்லிய நூல் என்று சொன்னால் விற்கும். பிஇ எண் இல்லாத அட்டையில் விட்டத்தை நான் இனி நம்பப் போவதில்லை.

ஆனாலும் இந்தத் தடிமன் குளறுபடியால் மட்டும் மூன்று ரீல்களும் தோற்றுவிடவில்லை. என் ரீலின் நூல் வழுக்கியதற்கும் அண்ணனின் முள் விரிந்ததற்கும் அட்டையின் மீது பழி போட முடியாது.

மூன்று நற்குணங்கள்

பிரெய்டு நூல் மிக நீண்ட மூலக்கூறுகளைக் கொண்ட பாலிஎத்திலீன் இழைகளால் ஆனது. பால் ஸ்மித், பீட் லெம்ஸ்ட்ரா என்ற இரு ஆய்வாளர்கள் 1970-களின் இறுதியில் நெதர்லாந்தின் டிஎஸ்எம் ஆய்வகத்தில், பாலிஎத்திலீனைக் களிம்பு நிலையில் இழையாக உருவி நீட்டும் முறையைக் கண்டார்கள். டைனீமா என்ற பெயர் அதிலிருந்து வந்தது. அமெரிக்காவில் ஸ்பெக்ட்ரா என்ற பெயரில் இதே வகை இழை வந்தது. குண்டு துளைக்காத கவசத்திலும் கப்பல் வடத்திலும் இருக்கும் இழைதான் நம் ரீலிலும் இருக்கிறது.

இதை வாங்கும்போது நாம் மெச்சுகிற குணங்கள் மூன்று. முதலாவது, வழுவழுப்பு, வளையங்களில் உரசாமல் பறக்கும். இரண்டாவது, அதே வலிமைக்கு நைலானைவிட மிகவும் மெல்லியது. மூன்றாவது, ஏறக்குறைய நீளவே நீளாது. நைலான் நரம்பு அறுவதற்கு முன் நூற்றுக்கு இருபது பங்குக்கு மேலும் நீளக்கூடும். இதற்கு மூன்று நான்கு பங்கு நீட்சிதான். அதனால்தான் எண்பது மீட்டர் தொலைவில் மீன் முகர்ந்தாலும் விரலுக்குத் தெரிகிறது.

எங்கள் மூன்று தோல்விகளையும் இவற்றோடு பொருத்திப் பாருங்கள். வழுவழுப்பு, ஸ்பின்னிங் ரீலின் உலோக ஸ்பூலில் நூலை நிற்க விடவில்லை. மெலிவு, பெய்ட்காஸ்டரில் சுற்றுக்குள் சுற்றைப் புதைத்தது. நீளாமை, ஓவர்ஹெட் ரீலில் இழுப்பு அனைத்தையும் முள்ளின் மீது இறக்கியது. எந்தக் குணத்துக்காகக் காசு கொடுத்தோமோ அதையே ஒவ்வொரு ரீலும் ஒவ்வொரு விதத்தில் நமக்கு எதிராகத் திருப்பிவிட்டது. எனவே நூலைத் தேர்ந்தெடுப்பது என்றால், இந்த ரீலுக்கு இந்தக் குணங்களில் எது ஆகாது என்று பார்த்து அதற்கு ஈடு செய்வதுதான்.

ஸ்பின்னிங் ரீலுக்கு

ஸ்பின்னிங் ரீலில் வீசும்போது ஸ்பூல் சுழல்வதில்லை. நூல் விளிம்பின் மீது வழிந்து, சுருள் சுருளாக வெளியேறுகிறது. மென்மையான, உருண்டையான நூல் இதற்கு உகந்தது. விறைத்த, சொரசொரப்பான நூல் பெரிய சுருளாகக் கிளம்பி வளையத்தில் மோதும். அதனால் இந்த ரீலுக்கு எட்டுப் புரியைத்தான் தேர்ந்தெடுத்தேன். எட்டு மெல்லிய புரிகளைப் பின்னும்போது குறுக்குவெட்டு வட்டத்துக்கு நெருங்கி வருகிறது. நான்கு புரியில் புரிகள் தடித்தவை, பின்னல் கரடாக இருக்கும். வளையத்தில் போகும்போது 'உய்ய்' என்று ஓசை கேட்கும்.

இம்முறை பிஇ 2, எட்டுப் புரி, 200 மீட்டர். அடியில் 0.30 மி.மீ. நரம்பு 55 மீட்டர். நரம்பு உலோகத்தை இறுகப் பற்றிக்கொள்கிறது, பிரெய்டு நரம்பைப் பற்றிக்கொள்கிறது. வழுக்கலுக்கு இதைவிடச் சிறந்த மருந்தை நான் பார்க்கவில்லை. சில புதிய ஸ்பூல்களில் ரப்பர் பட்டை பதித்தே வருகிறது. அவற்றுக்கு இது தேவைப்படாது. எவ்வளவு நரம்பு வேண்டும் என்று கணக்குப் போட விரும்பாதவர்கள், முதலில் பிரெய்டையும் அதன் மேல் நரம்பையும் சுற்றி ஸ்பூலை நிரப்பிவிட்டு, பிறகு இரண்டையும் உருவித் தலைகீழாகச் சுற்றிக்கொள்ளலாம்.

விளிம்புக்குக் கீழே 2 மி.மீ. இடம் விட்டேன். நரம்பைவிடப் பிரெய்டுக்கு இந்த இடம் அவசியம். முழுவதும் நிரப்பிய ஸ்பூலில் சுற்றுகள் கூட்டமாகக் கிளம்பும். அன்று இரண்டு முறை எனக்கு விழுந்த சிக்குக்கு இதுவே முதல் காரணம். இரண்டாவது காரணம் என் பழக்கம். வீசியபின் கைப்பிடியைச் சுற்றிப் பெயிலை (நூலை ஸ்பூலுக்கு வழிநடத்தும் கம்பி வளைவு) மூடுவேன். அப்படி மூடும்போது ஒரு தளர்ந்த கண்ணி ஸ்பூலில் தங்கிவிடுகிறது. அடுத்த வீச்சில் அதுதான் சிக்காகிறது. இப்போது பெயிலைக் கையால் மூடி, நூலை ஒரு முறை விரலால் இழுத்து விட்டுத்தான் சுற்றத் தொடங்குகிறேன்.

பெய்ட்காஸ்டருக்கு

இந்த ரீலில் வீசும்போது ஸ்பூலே சுழல்கிறது. நூல் நேராக வருவதால் சுருள் பிரச்சினை இல்லை. எட்டுப் புரிக்கு இங்கே தனிச் சிறப்பும் இல்லை. இங்கே கேள்வி ஒன்றுதான்: இறுக்கி இழுக்கும்போது மேல் சுற்று கீழே புதையாமல் நிற்குமா? மெல்லிய நூல் நிற்காது. பலர் இங்கேதான் தவறுகிறார்கள். "கொடுவா மூன்று நான்கு கிலோதான், 20 பவுண்டு நூல் போதும்" என்கிறார்கள். மீனுக்குப் போதும். ஸ்பூலுக்குப் போதாது. பெய்ட்காஸ்டரில் நூலின் தடிமன் மீனுக்காக அல்ல, நூலுக்கு அடியில் இருக்கும் நூலுக்காக.

தம்பிக்கு நான்கு புரி, பிஇ 4, ஏறக்குறைய 50 பவுண்டு. விட்டம் 0.33 மி.மீ. ஸ்பூலில் 90 மீட்டருக்கு மேல் ஏறாது. அவன் காயலில் வீசுவது முப்பது நாற்பது மீட்டர்தான் என்பதால் அது தாராளம். தடித்த புரிகளுக்குச் சிப்பியின் உரசலைத் தாங்கும் திறனும் கூடுதல். அவனுடைய ஸ்பூலில் துளைகள் இருந்ததால் நூலைத் துளைக்குள் கோத்துக் கட்டினோம், வழுக்கவில்லை.

சுற்றும் விதம் இங்கே நூலைத் தேர்ந்தெடுப்பதற்குச் சமமான விஷயம். வெள்ளிக்கிழமை நாங்கள் விரலால் பிடித்துச் சுற்றினோம்; அது போதவே போதாது. இம்முறை சுருளை வாளித் தண்ணீரில் போட்டு, ஈரத்துண்டை நான்காக மடித்து நூலை அதற்குள் விட்டு நான் அழுத்திப் பிடித்துக்கொள்ள, தம்பி சுற்றினான். முடிந்தபோது ஸ்பூலை நகத்தால் அழுத்தினால் மரக்கட்டை போல இருந்தது. வெறும் விரலால் இதைச் செய்யாதீர்கள். இழுவையில் ஓடும் பிரெய்டு தோலை அறுத்துவிடும்.

லூர் மாட்டிக்கொண்டால் இனி ஸ்பூலை அழுத்தி இழுப்பதில்லை. ஒரு சிறு மரக்கட்டையில் நூலை நான்கு சுற்றுச் சுற்றி, கட்டையைப் பிடித்து இழுக்கிறான். ஸ்பூலுக்கு அந்த இழுவை போவதே இல்லை. லீடரையும் குட்டையாக்கினோம். இந்த ரீலில் நூலைப் பரப்பிச் சுற்றும் சிறு கண் ஒன்று இடமும் வலமுமாக ஓடுகிறது. லீடர் முடிச்சு அதற்குள் போய்வந்தால் ஒவ்வொரு வீச்சிலும் தட்டும்.

ஓவர்ஹெட் ரீலுக்கு

இதில்தான் கணக்கு சுவையானது. அண்ணனின் ரீல் 0.50 மி.மீ. நரம்பு 300 மீட்டருக்காக அமைந்தது. அதே 300 மீட்டரை 0.28 மி.மீ. பிரெய்டாகச் சுற்றினால் ஸ்பூலில் மூன்றில் ஒரு பங்குகூட நிறையவில்லை. ஸ்பூலின் நடுத்தண்டின் ஆரம் 12 மி.மீ., முழுவதும் நிறைந்தால் 28 மி.மீ. அன்று நூல் நின்ற ஆரம் சுமார் 18.5 மி.மீ.

டிராக் தட்டுகள் கொடுப்பது திருக்கு விசை. நூலில் வரும் இழுவை அந்த விசையை ஆரத்தால் வகுத்தது. ஆரம் குறைந்தால் இழுவை கூடும். நரம்பு நிறைந்த ஸ்பூலில் 5 கிலோவுக்கு அமைத்த லீவர், அதே இடத்தில் வைத்தாலும், அன்று ஏறத்தாழ 7.5 கிலோ கொடுத்தது. மீன் ஓட ஓட ஆரம் மேலும் குறைந்து இழுவை இன்னும் கூடியிருக்கும். மறுபக்கம், கைப்பிடி ஒரு சுற்றுக்கு ஏறும் நூலும் மூன்றில் ஒரு பங்கு குறைந்துவிட்டது. மீன் படகை நோக்கி வந்தபோது தொய்வை எடுக்க முடியாமல் போனது அதனால்தான். அதன்மேல் நீளாத நூல். அந்த முள் அதற்கு மேல் என்ன செய்யும்?

அண்ணன் பழையபடி முழுக்க நரம்புக்கே திரும்பிவிடலாம் என்றார். டிரோலிங்குக்கு (ஓடும் படகிலிருந்து லூரை இழுத்து வருவது) மட்டும் என்றால் அது நல்ல முடிவுதான். ஆனால் அவர் அதே ரீலில் ஆழத்தில் ஈயக்குண்டு இறக்கிக் களவாவும் பிடிப்பவர். அங்கே பிரெய்டின் மெலிவு நீவாட்டை (நீரோட்டத்தை) அறுத்துக்கொண்டு நேராக இறங்க உதவுகிறது. ஆகவே மூன்று அடுக்கு: அடியில் 0.50 மி.மீ. நரம்பு 110 மீட்டர், நடுவில் அதே பழைய பிரெய்டு 300 மீட்டர், மேலே 0.55 மி.மீ. நரம்பு 80 மீட்டர். ஸ்பூல் விளிம்பு வரை நிறைந்தது. மேலிருக்கும் நரம்பு மீனின் முதல் அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். பிறகு தொங்கு தராசை மாட்டி, லீவரை மீண்டும் அளந்து 4 கிலோவில் நிறுத்தினோம். நூல், லீடர், முடிச்சு ஆகியவற்றில் எது பலவீனமோ அதன் மூன்றில் ஒரு பங்கு என்பது எங்கள் வரம்பு.

இந்த ரீலில் நூலைப் பரப்பும் கண் கிடையாது, கட்டைவிரலால்தான் பரப்ப வேண்டும். பிரெய்டு ஒரே பக்கம் குவிந்தால் சரிந்து சட்டத்தில் மாட்டிக்கொள்ளும். ஞாயிறு முடிவில் அண்ணனின் கட்டைவிரலில் மெல்லிய கோடாக ஒரு வெட்டு இருந்தது. இப்போது தோல் உறை போட்டுக்கொள்கிறார்.

மூடிய முகப்புள்ள ஸ்பின்காஸ்ட் ரீல்களைப் பற்றிக் கேட்பவர்களுக்கு ஒரே வரி: அவற்றில் நரம்பையே வைத்திருங்கள். பிரெய்டு உள்ளே மூடிக்கும் ஊசிக்கும் இடையில் புகுந்து சிக்கிக்கொள்கிறது. ரீல் இல்லாமல் கையால் இழுக்கும் தூண்டிலுக்கும் பிரெய்டு வேண்டவே வேண்டாம், விரல் போய்விடும்.

முடிச்சு

நைலானில் நாம் கண்ணை மூடிக்கொண்டு போடும் கிளிஞ்ச் முடிச்சு பிரெய்டில் வழுக்கும். லூருக்கோ வளையத்துக்கோ நேராகக் கட்டுவதானால் பலோமர், அல்லது எட்டுச் சுற்றுள்ள யூனி. லீடரோடு இணைக்க எஃப்ஜி. இந்த முடிச்சில் லீடரை வளைப்பதே இல்லை. பிரெய்டு மட்டும் அதன் மேல் மாறி மாறி இருபது முறை பின்னிக்கொள்கிறது. இறுக்கும் முன் எச்சிலால் நனைக்க வேண்டும். இந்த இழை சுமார் 150 டிகிரியிலேயே உருகக்கூடியது, உலர்ந்து உரசினால் தன் வலிமையைத் தானே சுட்டுக்கொள்ளும். சரியாக இறுகிய எஃப்ஜியில் பிரெய்டின் நிறம் ஒரு படி ஆழமாகும். நகத்தால் தள்ளினாலும் நகராது. நிறம் மாறாவிட்டால் அறுத்துவிட்டு மீண்டும் போடுகிறேன். தம்பியின் பழைய முடிச்சு யூனிக்கு யூனி, அதுவும் ஐந்தே சுற்று.

அறுத்த துண்டுகளை எங்கே போடுவது என்பதையும் சொல்ல வேண்டும். பிரெய்டு மக்காது, மிதக்கும். ஜனவரி முதல் மார்ச் வரை இதே கடற்கரைக்குத்தான் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறி வருகின்றன. சிக்கு விழுந்த நூலைக் கற்களுக்கு இடையில் விட்டுவிட்டு வருவது கையால் ஒரு கண்ணியை வைத்துவிட்டு வருவதற்குச் சமம். எங்கள் பையில் மூடியுள்ள டப்பா ஒன்று இதற்கென்றே இருக்கிறது. அன்று காலை முகத்துவாரத்தில் யாரோ விட்டுப்போன நூலும் அதில் சேர்ந்தது.

மார்ச் மாதம்

மூன்று வாரம் கழித்து அதே இடங்களுக்குப் போனோம். என் ஸ்பூலில் மூன்று மணி நேரத்தில் ஒரு சிக்கும் விழவில்லை. காலை ஒன்பது மணி அளவில் ஒரு பாறை மீன் கடித்தது. அன்று போனதைவிடச் சிறியது, இரண்டு கிலோ இருக்கும். முதல் ஓட்டத்தில் டிராக் கத்தியது. அந்தச் சத்தத்தைக் கேட்டபோது எனக்கு உண்மையிலேயே தொண்டை அடைத்தது.

மாலையில் முட்டுக்காட்டில் தம்பி இரண்டு முறை சிப்பியில் மாட்டி, கட்டையால் இழுத்து, அடுத்த வீச்சையும் தடையில்லாமல் வீசினான். கொடுவா கடிக்கவில்லை. ஸ்பூலைப் பிரித்துப் பார்த்தேன். ஒரு சுற்றும் புதைந்திருக்கவில்லை.

கடலில் அண்ணனுக்கு வஞ்சிரம் கிடைக்கவில்லை, இரண்டு ஷீலாக்கள் ஏறின. மும்முள்ளை வாங்கிப் பார்த்த படகுக்கார அண்ணாச்சி, மூன்று முள்ளும் வளைந்தபடியே இருப்பதைக் காட்டி, "மேலே நரம்பு போட்டுவிட்டீர்களா?" என்று கேட்டார். அண்ணன் ஸ்பூலைத் திருப்பி அவரிடம் காட்டினார்.